ஆள் இருக்கிற வீடு

தரைக்கு அடியில் யாரோ கஞ்சி உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம்.

மெட்டில்டா பாயில் காதை வைத்துக் கேட்டாள். வீட்டுக்கு அடியில் கடல் மண்ணைக் கரைத்து இழுத்துக்கொண்டிருந்தது. புருஷன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். தூங்குகிற பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் இருக்கும் பிரிஜித்தாவின் வீட்டுக்கு ஓடினாள்.

பிரிஜித்தா அவளோடு கான்வென்ட்டில் படித்தவள். கன்னியர் மடத்தில் சேர்ந்து, பிறகு வெளியே வந்துவிட்டவள். ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை. ஊரார் பாதிக் கேலியாக அவளை சிஸ்டர் என்பார்கள். மனசு கலங்கினால் அவளிடம்தான் போவார்கள். மெட்டில்டா அவளிடம் ஜெபிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், கடல் நிக்க என்ன ஜெபம் சொல்லணும்?”

“ஜெபத்தக் கேட்டு நிக்க, கடலென்ன பூசைக்கா வருது? படு.”

மெட்டில்டா பிள்ளையைக் கிடத்தித் தானும் படுத்தாள். தரையில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை.

“இங்க சத்தமே கேக்கலையே.”

“உன் வீடு முன்னால நிக்குதுல்லா.”

மெட்டில்டா எழுந்து உட்கார்ந்தாள்.

அழுதாள். பிறகு ஏசினாள். அனல்மின் நிலையத்துக்குக் கரிக்கப்பல் வந்து நிற்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டினார்கள், அன்றிலிருந்து இந்தப் பக்கம் மணல் வந்து சேரவில்லை என்றாள். அங்கே விடிய விடிய விளக்கு, நமக்கு மெழுகுவர்த்தி என்றாள். ஆள் இருக்கிற வீட்டுக்கு முன்னால்தான் தடுப்புக்கல் கொட்டுவார்களாம், வரிசை காலியானால் லாரியே வராதாம், இது எந்த ஊர் நியாயம் என்றாள்.

பிரிஜித்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“உனக்கு முன்னால சேசம்மா வீடு இருந்துச்சே. அவ உன்கிட்ட வந்தாளா?”



வந்தாள். மெட்டில்டாவுக்குப் பிள்ளை பிறந்த புதிது. கீழே என்னமோ கேட்கிறது, உன் வீட்டில் படுத்துக்கொள்ளட்டுமா என்றாள். வெறும் காற்றுதான் அக்கா என்று மெட்டில்டா திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த புயலில் சுவர் சேசம்மாவின் கால்மேல் விழுந்தது.

“அப்ப எனக்குத் தெரியாது சிஸ்டர்.”

“சரி.”

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. முன்வரிசையில் மெட்டில்டாவுக்குப் பக்கத்து வீட்டு பிலோமியின் குரல்.

“மெட்டில்டா, இங்கதான் இருக்கியா? எங்க வீட்டுக்கு அடியில என்னமோ உறிஞ்சுதுட்டி. பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

முன்வரிசையில் மிச்சம் இருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று மெட்டில்டாவுடையது. அது இப்போது காலி. பிலோமியும் வந்துவிட்டால் வரிசையே காலி, நாளைக்குக் கல் லாரி வராது. அப்புறம் இந்த வீடுதான் முன்வரிசை.

“என்ன செய்ய சிஸ்டர்?” குரல் வெளியே போகாமல் கேட்டாள்.

பிரிஜித்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இப்பத் தெரியும்லா.”

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டியது. வெளியே பிலோமியின் பிள்ளைகளில் ஒன்று இருமியது.

மெட்டில்டா எழுந்து போனாள். சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.