பல் இல்லாத விஷம்

ஒரு காட்டில், மரங்களை எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே தூக்கம் வந்துவிடும் அளவுக்குப் பெரிய காட்டில், பழைய கறையான் புற்று ஒன்றைக் குடைந்து வீடாக்கிக்கொண்டு கூர்மூக்கி என்ற கீரி வாழ்ந்துவந்தது. அதற்கு மூன்று குட்டிகள். கடைக்குட்டியின் பெயர் துளி.

விஷத்தைப் பற்றிக் கூர்மூக்கிக்குத் தெரிந்த அளவு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் என்று ஒன்பது பாம்புகளை அது வென்றிருந்தது. சண்டை முடிந்ததும் கீரி ஏதோ ஒரு பச்சிலையைத் தின்று விஷத்தை முறித்துக்கொள்ளும் என்பார்கள். என்ன பச்சிலை என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கூர்மூக்கியைக் கேட்டால், "கடிபடாமல் இருப்பதுதான் பச்சிலை" என்று சொல்லும்.

ஆனால் குழந்தைகளே, நிறையத் தெரிந்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தமக்குத் தெரிந்த விஷம்தான் விஷம் என்று நினைத்துவிடுவார்கள். விஷம் என்றால் அதற்கு இரண்டு பல் இருக்க வேண்டும், அது சீற வேண்டும், நெளிய வேண்டும். கூர்மூக்கியின் எண்ணம் இதுதான்.

வாரம் ஒருமுறை சுகந்தன் என்ற புனுகுப்பூனை கூடையோடு வரும். காட்டோரம் மனிதர்கள் வீசி எறிந்த டப்பாக்களில் மிச்சம் இருப்பதையெல்லாம் சுரைக்குடுக்கைகளில் ஊற்றி வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் முட்டைக்கும் பழத்துக்கும் மாற்றும். உடம்பிலேயே புனுகு சுரக்கும் பிராணி வாசனை விற்க வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

"தங்கச்சி, இது தரை நெய். தடவினால் தரையில் முகம் பார்க்கலாம். இது தெள்ளுப் பொடி. தூவினால் தெள்ளுப்பூச்சி மட்டுமல்ல, அதன் சம்பந்தி வீட்டாரும் செத்துப்போவார்கள். இது மணநீர். தெளித்தால் வீடே மல்லிகைப் பந்தல்தான்!"

கூர்மூக்கி மூன்றையும் வாங்கியது. தரை பளபளத்தது. தெள்ளுப்பூச்சிகள் ஒழிந்தன. பூக்காத மல்லிகை புற்று முழுவதும் மணந்தது.

சில வாரங்களில் துளிக்கு இருமல் வந்தது. மூச்சு விட்டால் ஓட்டை மூங்கிலில் காற்று புகுவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு அது இரை எடுப்பதையும் குறைத்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது.

"எங்கேயோ ஒரு பாம்பு மூச்சு விட்டிருக்கிறது" என்று கூர்மூக்கி முடிவுகட்டியது. புற்றின் மூலை முடுக்கெல்லாம் தேடியது. பாம்பும் இல்லை, பாம்புச் சட்டையும் இல்லை. துளியின் உடம்பில் பல்தடமும் இல்லை. நோயாளி இருக்கும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே அது மணநீரை இரண்டு மடங்காகத் தெளித்தது. இருமலும் இரண்டு மடங்கானது.

பக்கத்துச் சேற்றுக்குட்டையில் சேற்றம்மா என்ற காட்டுப்பன்றி இருந்தது. எதையும் ஒளித்துப் பேச அதற்குத் தெரியாது.

"அடியே கூர்மூக்கி, உன் வாசலில் மல்லிகை மணக்கிறதே, கொடி எங்கே?"

"கொடி இல்லை, அக்கா. வீடு சுத்தமாக இருக்கிறது. அதுதான் மணக்கிறது."

"சுத்தம் எப்போதடி மணந்தது? பூ மணக்கும், புண் நாறும். சுத்தமான தண்ணீருக்கு என்ன மணம், சொல்லு?"

"நாள் முழுவதும் சேற்றில் புரள்கிறவள் எனக்குச் சுத்தம் சொல்ல வந்துவிட்டாய்!"

"என் சேறு தோலோடு நிற்கிறது. உன் சுத்தம் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. வெட்டுக்கிளி பிடிக்க வெளியே வந்தால் துளி இருமுவதே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிடுகிறது. நீ பார்க்கவில்லையா?"

கூர்மூக்கிக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது கோபப்படுவது விலங்குகளின் வழக்கம். மனிதர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

ஆனாலும் அன்று முழுவதும் அது துளியை உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி விட்டுப் பார்த்தது. சேற்றம்மா சொன்னது சரியாகவே இருந்தது.

மறுவாரம் சுகந்தன் வந்தபோது முதுகில் தன் குட்டியையும் சுமந்து வந்தது. புற்றின் வாசலை நெருங்கியதும் கோடை மழை சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

பாம்பைக் கண்டால் கீரி முதலில் பாயாது. ஓர் அடி முன்னே வைக்கும், ஓர் அடி பின்னே வைக்கும், பாம்பையே முதலில் கொத்தவைக்கும். கொத்திய பாம்பு நீண்டு கிடக்கும்போது அதன் பிடரி தெரியும். கூர்மூக்கிக்கு வேறு சண்டைமுறை தெரியாது.

"வாங்க அண்ணே, நனையாதீங்க! குட்டியை உள்ளே விடுங்கள். காலையில்தான் தரை நெய் தடவினேன். பொடி தூவியாயிற்று, மணநீரும் தெளித்தாயிற்று. எல்லாம் உங்கள் சரக்கு."

சுகந்தன் வாசலில் மூக்கை நீட்டியது. உடனே இழுத்துக்கொண்டது.

"இருக்கட்டும் தங்கச்சி. மழை உடம்புக்கு நல்லது."

"இடி இடிக்கிறதே!"

"இடியெல்லாம் பழகிய பிள்ளை."

"அப்பா, குளிருது" என்று சொல்லிக்கொண்டே குட்டி முதுகிலிருந்து குதித்து உள்ளே நுழையப் பார்த்தது. சுகந்தன் பாய்ந்து அதன் வாலைக் கவ்வி வெளியே இழுத்தது.

"போகாதேடா! சரக்கு வாடை அடிக்கிற இடத்தில் மூச்சை இழுக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது சுகந்தனுக்கு உறைத்தது.

"அண்ணே, உங்கள் வீட்டுத் தரைக்கு என்ன தடவுகிறீர்கள்?" கூர்மூக்கி மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"எங்கள் பொந்துக்கா? சும்மா பெருக்கிவிடுவோம்."

"தெள்ளுப்பூச்சிக்கு?"

"வேப்பிலை... அப்புறம் படுக்கைப் புல்லை வெயிலில் காயப்போடுவோம்."

"மணத்துக்கு?"

"பொந்துக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. காற்று வந்து போகும்." சுகந்தன் தலையைக் குனிந்துகொண்டது. "தப்பாக நினைக்காதே தங்கச்சி. இவன் நெஞ்சு இளசு. தாங்காது."

"என் துளியின் நெஞ்சு மட்டும் கிழமா, அண்ணே?"

சுகந்தன் குட்டியைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்து அணைத்துக்கொண்டது. அது பொய்யன் அல்ல. கேட்காதவரை உண்மையைச் சொல்லாத பிராணி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்கும்வரை நஷ்டம் கேட்காதவர்களுக்கே.

கூர்மூக்கி உள்ளே போய் மூன்று குடுக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து கூடையில் போட்டது.

"எங்கே எடுத்தீர்களோ அங்கேயே கொண்டுபோய் வையுங்கள்."

"ஓடையில் கொட்டினால் உன் கூடையோடு உன்னையும் மிதிப்பேன்!" என்று குட்டையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்தத் தண்ணீரைத்தான் நான் குடிக்கிறேன்!"

கூர்மூக்கி அன்றே புற்றின் பின்பக்கம் இன்னொரு வாசல் குடைந்தது. வெயில் வந்ததும் படுக்கைப் புல்லை வெளியே இழுத்துப் போட்டது. தரை நெய் ஊறிய மண்ணைச் சுரண்டித் தள்ளியது. தரை மங்கிப்போனது. தெள்ளுப்பூச்சிகளில் நான்கைந்து சொந்த ஊர் திரும்பின. கூர்மூக்கி அவற்றைப் பல்லாலேயே பிடித்துக் கடித்தது.

இருமல் மறுநாளே நின்றுவிடவில்லை. முதல் வாரம் அப்படியேதான் இருந்தது. இரண்டாம் வாரம் கொஞ்சம் குறைந்தது. பத்தொன்பதாம் நாள் துளி எங்கிருந்தோ ஒரு காடைமுட்டையை உருட்டிக்கொண்டு வந்து, கல்லில் மோதி உடைத்து, அண்ணன்மார் இருவருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல் தின்று தீர்த்தது.

அண்ணன்மார் அழுதுகொண்டே அம்மாவிடம் முறையிட்டார்கள். எப்போதும் நியாயம் தவறாத கூர்மூக்கி அன்றைக்கு மட்டும் வழக்கை விசாரிக்கவே இல்லை.

நீதி: விற்பவன் தன் பிள்ளையின் பக்கத்தில் வைக்காத பொருளை உன் பிள்ளையின் பக்கத்தில் வைக்காதே.