நாலு முழம் தள்ளி

வாய்க்கால் கரையில் ஒரு மடம் இருந்தது. அதன் முழுப் பெயர் கல்வெட்டில் மூன்று வரி வரும். ஊரார் அதைக் கோணல் மடம் என்றார்கள். தெற்குச் சுவர் கோணலாக இருந்ததுதான் காரணம். உள்ளே இருந்தவர்களைப் பற்றிய கருத்து அல்ல.

மடத்தின் குரு பேச்சியம்மை. வயது நாற்பத்து மூன்று. மூத்த சீடர் மாசிலாமணி. வயது அறுபத்தொன்று. முந்தைய குருவுக்கும் அவர்தான் மூத்த சீடர். குருவைவிடச் சீடர் பதினெட்டு வயது பெரியவராக இருப்பது இருவரையும் உறுத்தியதில்லை. புதிதாக வருகிறவர்கள்தான் தப்பான காலில் விழுந்து எழுவார்கள்.

ஒரு நாள் காலையில் மாசிலாமணி துணிப்பையோடு வந்து நின்றார்.

“உத்தரவு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேம்மா.”

“எங்க?”

“எங்கயாவது.”

“எங்கயாவதுக்கு பஸ் இருக்கா?”

மாசிலாமணி சிரிக்கவில்லை. மூன்று வாரமாக பஸ் என்ற சொல்லே அவருக்குப் பிடிப்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் இருளப்பன் என்பவர் மடத்தில் வந்து சேர்ந்திருந்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்தவர். புதிதாக வருகிறவரை குருவின் வலப்பக்கத்தில் உட்காரவைத்து, முதல் கவளத்தை அவர் இலையில் பரிமாற வேண்டும் என்பது மடத்து முறை. அப்படியே செய்தார்கள். அந்த உபசாரம் ஒரு நாளைக்குத்தான் என்பதை அவரிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறுநாளும் இருளப்பன் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும்.

அது பத்தொன்பது வருடமாக மாசிலாமணி உட்கார்ந்த இடம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கண்டக்டர் ஏதாவது செஞ்சாரா?” என்று பேச்சியம்மை கேட்டார்.

“ஒண்ணும் செய்யல. உக்காந்திருக்கார்.”

“பந்தியில எடம் போனதுக்கா கிளம்பறீங்க?”

“எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லைம்மா.”

“அதான் பையைப் பாத்தாலே தெரியுதே.”

மாசிலாமணி பையைக் கொஞ்சம் பின்னால் மறைத்துக்கொண்டார். போகிற இடம் எது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இருபத்தாறு வயதில் இந்த மடத்துக்குள் வந்தவர். வெளியே அவருக்கென்று ஒரு கதவு கிடையாது.

வாசலில் ஒரு பூனை கத்தியது.

“போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு,” என்றார் பேச்சியம்மை. “ரெண்டு நாளா இது கத்திக்கிட்டே இருக்கு. மழைக்காலம் வருது. இதை உள்ள சேத்துவிட்டுட்டுப் போங்க. பண்டாரமும் இதுவும் ஒரே கூடத்துல என்னிக்குச் சாப்பிடுதோ, அன்னிக்கு நீங்க கிளம்பலாம்.”

“சாப்பிடலைன்னா?”

“இதை வாய்க்காலுக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

பண்டாரம் என்பது மடத்துப் பூனை. சாம்பல் நிறம், கனத்த உடம்பு. ஏட்டுச்சுவடிகளை எலியிடமிருந்து காப்பது அதன் பொறுப்பு. நிகண்டுகளில் பூனைக்கு வெருகு, பூசை, பில்லி என்று பல பெயர்கள் உண்டு. எந்தப் பெயரைச் சொன்னாலும் அது வராது. மாசிலாமணி தொண்டையைச் செருமினால் மட்டும் வரும். மடம் அதற்குப் பால் சோறு போட்டது. மற்றதை அது எலியில் பார்த்துக்கொண்டது. சைவ மடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை.

வாசலில் நின்றது செம்பட்டை நிறம். ஒரு காதில் பாதியைக் காணோம். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

மாசிலாமணி முறை தவறாதவர். வந்த பூனையை ஈரத்துணியால் துடைத்தார். கூடத்துக்குத் தூக்கி வந்து, சுவடி அலமாரிக்குப் பக்கத்தில் வழக்கமாகப் பண்டாரம் சாப்பிடும் இடத்தில் விட்டார். பண்டாரத்தின் கொட்டாங்குச்சியில் பால் சோறு பிசைந்து அதற்கு முதலில் வைத்தார். புதியவருக்கு மடம் எப்படி மரியாதை செய்யும் என்பதைப் பண்டாரமும் பார்க்கட்டும் என்று அதை எதிரில் உட்காரவைத்தார்.

செம்பட்டை விழுந்து விழுந்து தின்றது.

பண்டாரம் கொட்டாங்குச்சியைப் பார்த்தது. செம்பட்டையைப் பார்த்தது. பிறகு மாசிலாமணியைப் பார்த்தது. அவரைத்தான் அதிக நேரம் பார்த்தது. சீறவில்லை, அடிக்கவில்லை. அலமாரியின் மேல் ஏறி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

மறுநாளும் இறங்கவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தார். வால் நுனிகூட அசையவில்லை. சாயங்காலம் மாசிலாமணி குருவிடம் ஓடினார்.

“நேத்துலேருந்து சோறு தின்னலம்மா. தண்ணிகூடத் தொடல.”

“வயிறு சரியில்லையோ என்னமோ.”

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். பேச்சியம்மையின் முகத்தில் ஒன்றும் இல்லை.

“சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்லம்மா. ஒரு வார்த்தை சொல்லாம மேல ஏறிடுச்சு.”

“பூனைக்கு அந்தப் புத்தி எங்கேருந்துதான் வந்துச்சோ. புதுசு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. உக்காந்திருக்கு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

அவர் சொன்னார். துடைத்தது, தூக்கி வந்தது, கொட்டாங்குச்சி, முதல் கவளம், எல்லாம் முறைப்படி.

ஏதோ தன்னையே கடித்ததுபோலப் பேச்சியம்மை உதட்டை மடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஒரு கதவைச் சாத்திப் பாருங்க.”

“நம்ம மடத்துல கதவு சாத்தற வழக்கமே இல்லையேம்மா.”

“வழக்கத்தைத்தான் ரெண்டு நாளா பாக்கறோமே.”

அந்த மடத்தில் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். ஒரு காலத்தில் நெல் போட்டுவைத்த அறை. கூடத்து ஓரத்தில் இருந்தது. அதில்தான் இருளப்பன் தங்கியிருந்தார்.

மாசிலாமணி செம்பட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார்.

“வாங்க சாமி! உள்ள வாங்க, எடம் இருக்கு.”

மாசிலாமணி உள்ளே போகவில்லை. “இது உங்க அறையில இருக்கணும். கதவைச் சாத்தி. அம்மா உத்தரவு.”

“தாராளமா இருக்கட்டும். எத்தனை நாளைக்கு?”

“தெரியாது.”

“சரி விடுங்க. எறங்கற எடம் தெரியாம ஏறுன ஆளுங்களை நெறையப் பாத்தவன் நான்.”

கதவு சாத்தப்பட்டது. ஒரு நாழிகைக்குள் பண்டாரம் கீழே இறங்கித் தண்ணீர் குடித்தது. மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. கூடத்தில் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மதியம் கதவிலிருந்து நாலு முழம் தள்ளிப் பண்டாரத்தின் கொட்டாங்குச்சியை வைத்தார். செம்பட்டைக்கு வேறு கொட்டாங்குச்சி. அதை இருளப்பன் கதவுக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும்.

“நான் சொன்னதும் வைங்க,” என்றார் கதவைப் பார்த்து.

“விசில் குடுக்கட்டுமா?” என்றது கதவு. பதில் வருவதற்குள் கொடுத்தும்விட்டது.

அது முப்பது வருடத்து விசில். பண்டாரம் பறந்து அலமாரி மேல் ஏறியதில் ஒரு சுவடிக் கட்டு கீழே விழுந்தது.

“மன்னிச்சுக்கங்க சாமி. கை தன்னால போயிடுது.”

“ஊதுறது வாயில்ல?”

“வாய்க்குக் கைதானே சாமி எடுத்துக் குடுக்குது.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் கதவு சாத்தியிருந்ததால் சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு விசில் இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவதுபோல் இருளப்பன் கதவில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுவார். “ரைட்” என்று ரகசியமாகச் சொல்வார். இரண்டு பக்கமும் சோறு வைக்கப்படும். தினமும் ஒரு சாண் கதவை நெருங்கும்.

மூன்றாம் நாள் கதவு பேசியது.

“சாமி, எங்க வீட்டுக்காரம்மா பூனை வளத்தவ. புதுசா ஒண்ணு வந்தா, இது படுத்த துணியை அதுக்கும், அது படுத்த துணியை இதுக்கும் போடுவா. மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடி வாசனை பழகணும்னு சொல்லுவா.”

துணிக்கு எங்கே போவது? மாசிலாமணி கட்டிவைத்திருந்த பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். மறுநாள் ஒரு வேட்டி. கதவுக்கடியில் துணிகள் போயின, வந்தன. பண்டாரம் முதல் துண்டைப் பார்த்துச் சீறியது. இரண்டாவதை முகர்ந்தது. நான்காவதன் மேல் மறதியாக உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து போனது.

“உங்க வீட்டம்மா பேர் என்ன?” என்று ஒரு நாள் மாசிலாமணி கதவைக் கேட்டார்.

“செண்பகவல்லி.”

கதவின் இரண்டு பக்கமும் பூனைகள் நக்கிக்கொண்டிருந்தன.

“அவ போன பின்னாடி எல்லாம் பழகிடுச்சு சாமி. சாப்பாட்டு வேளைதான் பழகல. யார் பக்கத்துல போய் உக்காரணும்னே தெரியாது. இங்க வந்த அன்னிக்கு அம்மா தன் பக்கத்துலயே இலை போட்டாங்க. அதுலேருந்து அங்கயே உக்காந்துக்கறேன். அதுக்கு முன்னாடி அது யாரோட எடமோ?”

மாசிலாமணி பண்டாரத்தின் முதுகைத் தடவினார்.

“என்ன சாமி, சத்தத்தைக் காணோம்?”

“பண்டாரம் சாப்பிடுது,” என்றார் மாசிலாமணி.

ஒன்பதாம் நாள் கொட்டாங்குச்சிகள் கதவின் இருபுறமும் ஒட்டி நின்றன. பத்தாம் நாள் கதவை ஒரு கை அகலம் திறந்தார்கள். ஒரு சீறல் கேட்டது. சாத்தினார்கள். பதினோராம் நாள் இரண்டு சீறல். பதிமூன்றாம் நாள் செம்பட்டை இடைவெளியில் ஒரு காலை நீட்டியது. பண்டாரம் அந்தக் காலை ஓங்கி ஓர் அறை அறைந்தது, நகம் நீட்டவில்லை.

“பாத்தீங்களா சாமி, நகத்தை உள்ள வச்சுக்கிட்டே அடிக்குது,” என்றார் இருளப்பன், இடைவெளி வழியாக. அந்த இடைவெளியில் தெரிந்த அவர் பாதி முகத்தை மாசிலாமணி அப்போதுதான் நேராகப் பார்த்தார். மாசிலாமணி நினைத்திருந்ததைவிடக் கிழவராக இருந்தார்.

பதினாறாம் நாள் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்கள்.

மாசிலாமணி குருவிடம் வந்தார். பேச்சியம்மை மதியப் பந்திக்கு வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே கூடத்துல சாப்பிட்டுச்சா?”

“சாப்பிட்டுச்சும்மா. பக்கத்துல இல்ல. நாலு முழம் தள்ளி. ஒண்ணுக்கொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு.”

“சாப்பிட்டுச்சா, இல்லையா?”

“சாப்பிட்டுச்சு.”

“அப்ப நீங்க கிளம்பலாம். பை எங்க?”

“அதுல பூனை தூங்குது.”

“எந்தப் பூனை?”

“மொதல்ல அது தூங்குச்சு. அது எழுந்து போனதும் பண்டாரம் போய்ப் படுத்துக்கிச்சு. சேந்து தூங்கல,” என்ற மாசிலாமணி கொஞ்சம் நிறுத்தி, “இன்னும்,” என்றார்.

பேச்சியம்மை ஓர் இலையைத் துடைத்து அடுக்கில் வைத்தார்.

“அன்னிக்குப் பண்டாரம் பட்டினி கெடந்துச்சே. அது யார் செஞ்ச தப்பு? பண்டாரமா?”

“அது என்னம்மா செய்யும்.”

“புதுசா?”

“அதுக்கென்ன தெரியும். வச்ச எடத்துல தின்னுச்சு.”

“பின்ன?”

மாசிலாமணி தரையைப் பார்த்தார். “கொட்டாங்குச்சியை எடுத்து அங்க வச்சவன்தான்.”

பேச்சியம்மையின் கையில் இலை அப்படியே நின்றது.

“பந்தியில இலை போட்டது நான்,” என்றார்.

மாசிலாமணி இரண்டு குருமார்களைக் கண்டவர். இருவரிடமும் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. துடைத்த இலையையே எடுத்து மறுபடி துடைத்தார்.

“இன்னிக்கு உங்க இலையை எங்க போடட்டும்?”

பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியும் வந்ததில்லை. அவர் கூடத்தைப் பார்த்தார். குருவின் வலப்பக்கத்தைப் பார்த்தார். அடுப்படி வாசலைப் பார்த்தார்.

“கூடத்துலயே போடுங்க,” என்றார் கடைசியில். “இருளப்பன் இலைக்கு நாலு முழம் தள்ளி. நாளைக்கு வேணும்னா ஒரு சாண் கொறைச்சுக்கலாம்.”

பேச்சியம்மை இலைகளை வைத்துவிட்டு எழுந்து, நெல் அறைப் பக்கம் நடந்தார்.

“எங்கம்மா போறீங்க?”

“அவரையும் கேக்கணும்ல.”