துருவுக்கு மருந்து

இந்தக் கதையில் சீடருக்கு அறுபத்து மூன்று வயது, குருவுக்கு முப்பத்தொன்று. செல்வசுந்தரி தூத்துக்குடியில் ஒரு பூங்காவில் தினமும் காலையில் யோகா சொல்லித் தருகிறார். கஸ்பார் அவரை டீச்சர் என்பார், அவர் கஸ்பாரை அண்ணாச்சி என்பார்.

கஸ்பார் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன்களில் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்தவர். பதினோரு வருஷமாகச் சுகர். போன மாசம் அவருடைய தம்பிக்கு அதே சுகரில் ஒரு கால் போனது. அதிலிருந்து மனிதருக்கு நிம்மதியே இல்லை.

போதாக்குறைக்கு ஒரு மருத்துவ முகாமில், சுகர் ஏறினால் உடம்புக்குள் துருப்பிடிப்பது போல ஒரு கேடு நடக்கிறது, புரோட்டீன் பவுடர் அதைக் குறைக்கலாம், இன்னும் உறுதியாகவில்லை என்று சொன்னார்கள். கஸ்பார் துருவையும் பவுடரையும் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். 'லாம்' முகாமிலேயே நின்றுவிட்டது.

அன்று வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

"டீச்சர், உடம்புல பிடிச்ச துரு எப்பதான் போவும்?"

செல்வசுந்தரி அவருடைய பாதத்தைப் பார்த்தார். வீங்கியிருந்தது. குனிந்து விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவே இல்லை.

"பவுடர் குடிக்கீங்களோ?"

"ஆமா. சுகருக்குப் பாக்குற டாக்டரம்மாவே சொன்னாவ. மெலிஞ்சிட்டீங்க, தினமும் ஒரு கரண்டி போட்டுக்கிடுங்கன்னு."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

கஸ்பார் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். செம்பை எடுத்தார். பிறகு குழம்புக் கரண்டியை எடுத்தார். கோபுரமாக அள்ளினார்.

செல்வசுந்தரி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி வந்தது.

"இது உள்ள கெடந்தது தெரியாதா அண்ணாச்சி?"

கஸ்பார் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியும். நான்தான் அமுக்கி வச்சேன். இம்புட்டுத் துருவுக்கு இது எங்க காணும், சொல்லுங்க? தம்பி காலைக் கண்ணால பாத்தவன் நான்."

செல்வசுந்தரி டப்பாவை மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கெளம்புங்க. இம்புட்டுப் பவுடரைக் கிட்னி தாங்காது. இப்பவே டாக்டரம்மாகிட்ட போறோம்."

"ரத்தம் எடுப்பாங்களே. கிட்னி போச்சுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா கேட்டுக்கிடுவோம். நான் கூட இருக்கேன்."

எழுந்த கஸ்பார் மறுபடியும் உட்கார்ந்தார்.

"டீச்சர், எம்புட்டுக் குடிச்சேன்னு கேட்டா என்ன சொல்ல? திட்டுவாவ. ஒரு கரண்டின்னே சொல்லிரட்டா? அது பொய் இல்லல்லா?"

"பொய் இல்ல. அப்படியே சொல்லுங்க," என்றார் செல்வசுந்தரி. "சொல்லும்போது அந்தக் குழம்புக் கரண்டியையும் கையில புடிச்சுக்கிடுங்க."