செருப்புப் பொங்கல்

“முதல் அநியாயம்,” என்றார் செம்பரிதி. “சின்னப் பையனாக இருந்தபோது டீக்கடைக்காரன் எனக்குக் கொட்டாங்கச்சியில் டீ ஊற்றினான்.

“இரண்டாவது, அதை ஏன் என்று கேட்ட என் அப்பனைக் கட்டிவைத்து அடித்தார்கள்.

“மூன்றாவது, இந்த ஊர் மேலத்தெருவில் நம் சனம் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். எதிர்த்து ஊர்வலம் நடத்தினேன். போலீஸ் என் முன்பல்லை உடைத்தது.

“நாலாவது, கட்சி இரண்டாக உடைந்தபோது இரண்டு பக்கமும் என்னைத் துரோகி என்றார்கள்.

“ஐந்தாவது, வெள்ளிவிழா மலரில் என் படத்தைப் போட்டு அடியில் வேறொருவன் பெயரை அச்சடித்தார்கள்.

“ஆறாவதை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.”

தவசியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே குடிசை போட்டிருப்பவள். அவரைவிட வயதில் மிகவும் இளையவள். தீராத சந்தேகமும் தீராத வழக்கும் அவளிடம்தான் வரும். செம்பரிதி ஒரு வாரமாக அங்கே விறகு பிளக்கிறார். சீடரா என்று யாராவது கேட்டால், “தங்கியிருக்கிறேன்,” என்பார். சாமியும் இல்லை சாமியாரும் வேண்டாம் என்று ஆயுள் முழுக்க மேடையில் பேசிய வாய் அது.

“நான் என்ன செஞ்சேன், தோழரே?”

“மேலத்தெரு முனையில் கல் நடுகிறார்கள். ‘இத்தெருவில் முதன்முதலாகச் செருப்பணிந்து நடந்தவர்’ என்று செதுக்கியாயிற்று. பெயரை உங்களிடம் கேட்டுப் போட்டுக்கொள்வதாக ஊர்க் கமிட்டி முடிவு. என் பெயரைச் சொல்ல உங்களுக்கு ஒரு வாரம் போதாதா?”

“நீங்கதான் முதல்ல நடந்தீங்களா?”

“கொடி பிடித்து, பறை முழங்க, முதல் வரிசையில். ஊரெங்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடந்தேன்.”

“நோட்டீஸ்ல அப்படித்தான் இருந்துச்சு. எழுதினது யாரு?”

“நான்தான்.”

தவசியம்மாள் சிரித்தாள். கீரையைக் கீழே வைத்தாள்.

“கையைக் கழுவிட்டு வாங்க. ஒரு வீட்டுல விசேஷம்.”

“சாமி கும்பிடுகிற இடத்துக்கு நான் வரமாட்டேன்.”

“சாமி கிடையாது. சாப்பாடு உண்டு.”

சித்திரை உச்சி வெயில். அவள் முன்னால் போனாள்.

கீழத்தெருக் கடைசியில் ஆட்டோ ஓட்டும் பேச்சிமுத்துவின் வீடு. செம்பரிதி வாசலிலேயே நின்றுவிட்டார்.

கோலத்தில் பூ இல்லை, புள்ளி இல்லை. தெருவிலிருந்து படிவரைக்கும் அரிசி மாவில் செருப்புத் தடங்கள். தலைவாசலில் மாவிலை, இலைக்கு இலை நடுவே காகிதச் செருப்பு. காலண்டர் தாளில் வெட்டியது, சோப்பு அட்டையில் வெட்டியது, கல்யாணப் பத்திரிகையில் வெட்டி மஞ்சள் கரை பதித்தது. வார் எல்லாம் கிழிந்த சேலைக் கரை. கட்டைவிரல் நீளத்தில் ஒரு சோடி, கைக்குழந்தைக்காம். காற்று வந்தபோது அத்தனையும் ஒரே நேரத்தில் நடந்தன.

முற்றத்தில் பொங்கல் பொங்கியது. குலவை போட்டார்கள்.

“என்ன பண்டிகை இது?” என்றார். குரல் தானாக இறங்கியிருந்தது.

“செருப்புப் பொங்கல்ங்கய்யா,” என்றான் பேச்சிமுத்து. “எங்க வீட்டுல மட்டும்தான். வேற எங்கயும் கிடையாது.”

“காலண்டரில் இல்லையே?”

“காலண்டரத்தான் வெட்டிட்டோமே,” என்றாள் அவன் மனைவி இசக்கியம்மாள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு சோடி அட்டைச் செருப்பு, கிரீடம்போல. பேச்சிமுத்துவும் ஒன்றைச் சூடிக்கொண்டான். தவசியம்மாள் குனிந்து தலையைக் கொடுத்தாள்.

ஒரு சிறுமி செம்பரிதியிடம் ஒன்றை நீட்டினாள். அளவு பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“உங்களுக்குப் பத்தாது தாத்தா. தலை ரொம்பப் பெருசு.”

ஊர்வலம் மேலத்தெருவுக்குள் திரும்பியது. கொதிக்கும் தார்ச்சாலையில் எல்லோரும் வெறுங்கால். செருப்பு கையில் இருந்தது. தலையிலும் இருந்தது.

செம்பரிதிக்கு ரத்தம் தலைக்கேறியது.

“இறக்குங்கள்!” என்று கத்தினார். “செருப்பைத் தலையில் சுமக்கவைத்த அசிங்கத்தை ஒழிக்கத்தானே நான் பல்லைக் கொடுத்தேன்? அதையே சோடித்துக் கொண்டாடுகிறீர்களா? வெட்கமாக இல்லை?”

“கத்தாதீங்க தாத்தா,” என்றாள் சிறுமி. “இன்னும் தெருமுனை வரலை.”

தெருமுனை வந்தது. கமிட்டிக்காரர்கள் கல்லைக் கிடத்தி அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கல்தச்சன் உளியோடு காத்திருந்தான்.

ஊர்வலம் நின்றது. எல்லோரும் தலைச்செருப்பை இறக்கினார்கள். கையிலிருந்த செருப்பைத் தரையில் போட்டுக் காலில் மாட்டினார்கள். வந்த தெருவிலேயே திரும்பி நடந்தார்கள். வேண்டுமென்றே தேய்த்து, சத்தம் கேட்க நடந்தார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். மேலத்தெரு வாசல்களில் நின்றவர்களில் ஒரு கிழவர், என்ன நினைத்தாரோ, தன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

செம்பரிதி பேச்சிமுத்துவின் கையைப் பிடித்தார்.

“இது யார் செய்தது? முதலில்?”

“எங்க அத்தைங்கய்யா. அப்பாவோட அக்கா. அப்பா டயர்ல செருப்பு தச்சுக் குடுத்திருக்காரு. இந்தத் தெரு வழியா மாட்டிட்டுப் போயிருக்கு. மறிச்சு, தலையில தூக்கி வச்சுட்டு நடன்னு சொன்னாங்களாம். நடந்துச்சாம். இந்த முனைக்கு வந்ததும் இறக்கி, கால்ல மாட்டி, அத்தனை பேரும் பாக்கத் திரும்பி நடந்துச்சாம்.”

“எப்போது?”

“நோட்டீஸ் வந்ததுக்கு முந்தின கோடை.”

“எந்தச் சங்கம் சொன்னது? யார் அனுப்பினார்கள்?”

“கால் சுட்டுச்சாம்ங்கய்யா.”

செம்பரிதி தார்ச்சாலையைப் பார்த்தார்.

“ஊர்வலத்தன்றைக்கு ஏன் எங்களிடம் சொல்லவில்லை?”

“அன்னைக்கும் அத்தை நடந்துச்சே. கடைசி வரிசையில. பிள்ளைகளுக்குச் செருப்புக் கழண்டா மாட்டிவிட்டுக்கிட்டே.”

அவர் தவசியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையில் சூடியதைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். இருப்பதிலேயே பெரிய சோடி அது. அடிப்பக்கம் மையால் ஒரு பெயர் எழுதியிருந்தது.

“எங்க வழக்கப்படி வெளியாளுதான் வாசிக்கணும்யா,” என்றான் பேச்சிமுத்து. “நாங்க சொன்னா பாசத்துல சொல்றோம்பாங்க. வெளியாளு சொன்னா சாட்சி.”

கமிட்டிக்காரர்கள் எழுந்தார்கள். கல்தச்சன் உளியைக் கல்லில் ஊன்றினான்.

மைக் தேவைப்படாத குரல் அவருடையது. வாயைத் திறந்தார். உடைந்த பல்லின் இடைவெளியில் காற்றுதான் வந்தது.

பிறகு மேலத்தெரு முழுக்கக் கேட்க வாசித்தார்:

“சுடலைவடிவு.”