முழங்கால் பட்டை

குப்புராஜ் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். ஐம்பத்தாறு வயதில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் நசீமாவிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார். நசீமா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

அங்கே செய்தது ஒரு பட்டை. ரப்பர் போல நீளும் மெல்லிய படலம், இரண்டு பக்கமும் கரிப்பசை. மின்சாரம் கொடுத்தால் தசை மாதிரி வேலை செய்யும். இழுத்து விட்டால் அதுவே மின்சாரம் தரும்.

போன வருஷம் வந்த பக்கவாதத்தில் குப்புராஜின் மனைவி ருக்குமணிக்கு வலது கால் பலம் போயிருந்தது. வீடு மாடியில். பதினோரு படி. இறங்கிவிட்டால் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும். அந்த வெட்கத்தில் ருக்குமணி இறங்குவதையே விட்டுவிட்டாள். குப்புராஜ்தான் கெஞ்சி, மூன்று நாளாக இறக்கி, பட்டையைக் கட்டி ஏற்றிப் பார்த்தார்.

"கட்டாம ஏறுனா நாலு படிங்க மேடம். கட்டுனா ரெண்டுலயே நின்னுக்கறா. ஆனா பேட்டரி மட்டும் நிறைஞ்சுட்டே இருக்குது. நான் குடுக்கறதுக்கு மேல திரும்பி வருது. இது தசையா, டைனமோவான்னே புரியலீங்க."

"ருக்குமணி அக்கா என்ன சொன்னாங்க?"

"எனக்கு வேலை செய்ய ஒண்ணு பண்ணித் தாங்கன்னா, என்னைய வேலை வாங்கறதுக்கு ஒண்ணு பண்ணிட்டு வந்திருக்கீங்கங்கறா."

நசீமா சிரிக்கவில்லை. பட்டையை எடுத்துக் குப்புராஜின் முழங்காலிலேயே கட்டினார்.

"உக்காந்து எந்திரிங்க அண்ணா. இருபது தடவை."

ஸ்விட்சைப் போட்டு இருபது. அணைத்துவிட்டு இன்னொரு இருபது. குப்புராஜுக்கு மூச்சு வாங்கியது.

"அணைச்சாத்தான் லேசா இருக்குது. பட்டை பழுதுங்களா?"

"எப்ப மின்சாரம் குடுக்கறீங்க?"

"கால் மடங்கி, எந்திரிக்க ஊனும்போது. பாரம் வர்றப்பத்தானுங்க மோட்டாருக்குக் குடுப்போம்."

நசீமா இன்னொரு பட்டையைத் தாங்கியில் தொங்கவிட்டு, அதன் அடியில் மேஜை இழுப்பறையின் பூட்டைப் பாரமாக மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். பூட்டு கீழே இறங்கியது. அணைத்தார். பூட்டு மேலே போனது.

குப்புராஜ் வயரை மாற்றிக் கட்டினார். போட்டதும் இறங்கியது. அணைத்ததும் ஏறியது. மறுபடி கழற்றி, பழையபடி கட்டினார். அதேதான். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"குடுத்தா தொய்யுது. நிறுத்துனா தூக்குது," என்றார், தனக்கே சொல்வது போல. "அப்ப அவ ஊனும்போது நான் குடுத்தது..."

"தூக்க வந்த பட்டையத் தடுத்துது. அக்கா கால மடக்கி இழுத்து வெச்ச பலம் அவங்க காலுக்குத் திரும்பல. பேட்டரிக்குப் போயிருச்சு."

குப்புராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேட்டரி தானாக நிறைகிறது என்று பழைய பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் மீட்டரைக் காட்டியிருந்தார்.

"கால் நீட்டி நிக்கும்போது குடுங்க," என்றார் நசீமா. "மடங்குனதும் நிறுத்திருங்க."

"மீட்டர் இறங்குமே."

"இறங்கும்."

"ரெண்டு நடை ஏறி இறங்குனா பேட்டரி காலியாயிருமுங்க. அப்புறம் பாதிப் படியில நிப்பா."

"ஆமா."

"தூக்கவும் தூக்கி, மின்சாரமும் தர்ற மாதிரி ஆகாதுங்களா?"

"ஆகும். ரெண்டு பட்டை வேணும். ஒண்ணு தூக்கட்டும், இன்னொண்ணு பேட்டரிய நிறைக்கட்டும்."

குப்புராஜுக்கு எரிச்சலாக இருந்தது. "இன்னொண்ண எங்கீங்க கட்டறது? அவளுக்கு மிச்சமிருக்கறது ஒரே ஒரு நல்ல கால். அதையும் வேலை வாங்கச் சொல்றீங்களா?"

நசீமா தாங்கியிலிருந்து பூட்டைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நீங்களும் அதே படியிலதான அண்ணா ஏறுறீங்க?"