கேட் போட்டுட்டான்

ஒரு ஊர்ல ஒரு மெத்தைக்கடை. கடைக்காரர் பேரு தெய்வசிகாமணி. நாள் முழுக்க இலவம்பஞ்சை உதறி உதறித் தலகாணிக்குள்ள திணிப்பாரு. மீசையில பஞ்சு, புருவத்துல பஞ்சு. மேகத்துக்குள்ள கடை வெச்ச மாதிரி இருக்கும். ம் சொல்லு.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு பொண்ணுங்க கடை வாசலோட பேசிக்கிட்டே போனாங்க.

"உனக்குத் தாய்மாமா இல்லையாடி?"

"இருக்காரே. கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறாராம். தொறந்ததும் வந்துடுவாராம். அம்மா சொன்னாங்க."

"கேட்டைத்தான் எடுத்துட்டாங்களேடி, லூசு!"

தெய்வசிகாமணி கை அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு மதிவதனி. அவரோட தங்கச்சி குணவதி பெத்த பொண்ணு.

என்ன கேட்டுன்னு பாக்கிறியா? முன்னாடி அந்த ஊர் நடுவுல, தண்டவாளத்துக்குக் குறுக்கால ஒரு ரயில் கேட் இருந்துச்சு. டிங் டிங் டிங்னு மணி அடிக்கும், கேட் மெதுவ்வா இறங்கும். இந்தப் பக்கம் பாதி ஊரு நிக்கும், அந்தப் பக்கம் பாதி ஊரு நிக்கும். அதனால யாரு லேட்டா வந்தாலும் ஒரே பதில்தான். "ஏன்டா லேட்டு?" "கேட் போட்டுட்டான் சார்!" "ஏங்க, கத்திரிக்கா எங்க?" "கேட் போட்டுட்டான்!" கேட் தொறந்தே கிடக்கும், அப்பவும் அதேதான்.

அப்போ கைக்குழந்தை மதிவதனிக்குக் காது குத்து வந்துச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? தெய்வசிகாமணி தோடு வாங்கிக்கிட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு ஓட்டமா ஓடினாரு. டிங் டிங் டிங். அன்னைக்கு நிஜமாவே கேட் போட்டுட்டான். கூட்ஸ் வண்டி வந்துச்சு, தடக்... தடக்... தடக்... நடுவுல நின்னே போச்சு. அவர் போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல நேரம் முடியப் போகுதுன்னு வேற யார் மடியிலயோ வெச்சுக் குத்திட்டாங்க.

"ஏண்ணே?"ன்னா குணவதி.

"கேட் போட்டுட்டான்மா."

"ஊரே சொல்ற பொய்யை நீயும் சொல்றியா?"

அவர் தோடைக் குடுத்துட்டுத் திரும்பிட்டாரு. அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்ல. ம்?

அப்புறம் கேட்டை எடுத்துட்டுப் பெரிய பாலம் கட்டினாங்க. கீழ ரயிலு, மேல சனங்க. யாரும் நிக்க வேணாம். ஆனா பழக்கம் விடுமா? கீழ ரயில் கூவுனா போதும், பாலத்து மேல சைக்கிள் நிக்கும், பால்காரர் நிப்பாரு, மாடுகூட நிக்கும்! கடைசிப் பெட்டி போனதும்தான் எல்லாரும் நகருவாங்க.

இப்போ, அந்தப் பேச்சு காதுல விழுந்துச்சுல்ல? மறுநாளே தெய்வசிகாமணி கிளம்பினாரு. பாலம் ஏறினாரு. தெருமுனைக்கே போயிட்டாரு. "ஐயையோ, வெறுங்கையோட வந்துட்டேனே"ன்னு திரும்பிட்டாரு.

அப்புறம், பஞ்சுலயே நல்ல பஞ்சாப் பொறுக்கி, குட்டியா ஒரு தலகாணி தைச்சாரு. எடுத்துக்கிட்டுப் பாலம் ஏறினாரு. கூ...! எல்லாரும் நின்னாங்க. அவரும் நின்னாரு. தடக் தடக், தடக் தடக்... கடைசிப் பெட்டி போச்சு. அதோட அவர் தைரியமும் போச்சு. திரும்பிட்டாரு.

மூணாவது தடவை. சாயங்கால வெயில் மஞ்சளா இருக்கு. காத்துல அவர் சட்டையிலேர்ந்து பஞ்சு பறக்குது. பாலத்து உச்சியில... கூ...! சைக்கிள் நின்னுச்சு, பால்காரர் நின்னாரு, மாடு நின்னுச்சு. தெய்வசிகாமணி மட்டும் நிக்கல. கீழ ரயில் தொட்டில் ஆட்டுற மாதிரி தடக் தடக், தடக் தடக்னு போகுது. மேல அவர் தலகாணியை அணைச்சுக்கிட்டு நடக்கிறாரு, நடக்கிறாரு.

"யோவ், ரயிலு வருதுய்யா!"ன்னு பால்காரர் கத்தினாரு.

"வரட்டும்யா!"

இறங்கி, தெரு திரும்பி, கதவைத் தட்டினாரு. டொக், டொக். குணவதி தொறந்தா. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தா.

"ஏண்ணே இவ்வளவு நேரம்?"

"கேட் போட்டுட்டான்மா."

குணவதி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. சிரிக்கிறாளா, அழறாளான்னு தெரியல. பாயை எடுத்து விரிச்சா. அவர் சப்பணம் போட்டு உக்கார்ந்தாரு.

உள்ளேர்ந்து மதிவதனி மெல்ல வந்தா. காதுல அதே தோடு. அவர் புருவத்துல ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து, ஃபூன்னு ஊதிவிட்டா. அப்புறம், அவ்வளவு பெரிய பொண்ணு, அவர் மடியில ஏறி உக்கார்ந்துக்கிட்டா.

கதை கேட்டாச்சு. கண்ணுக்குக் கேட் போட்டாச்சு. தூங்கு.