மடைப்பள்ளிப் பேச்சாயி தேனீ விரட்டிய கதை

முன்னொரு காலத்தில் வேங்கைமாநகரைக் கனகசூடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அந்த மூக்கிலேயே ஒரு நாள் தேனீ கொட்டிவிட்டது!

அரியணைக்கு நேர் மேலே, மண்டபத்து வளைவில் ஒரு தேனீக் கூட்டம் வந்து அடை கட்டத் தொடங்கியிருந்தது. அரசன் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து ஒன்று இறங்கி வேலையைக் காட்டிவிட்டது. மூக்கு கத்தரிக்காய் போல வீங்கிப்போனது. “என் மூக்கைப் பார்ப்பவனுக்குச் சிறை!” என்று கட்டளை பிறந்தது. அதனால் அமைச்சர்கள் எல்லாரும் அரசனின் கால் விரலைப் பார்த்தே ஆலோசனை சொன்னார்கள்.

கோட்டைத் தளபதி கோளரியார் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னே வந்தார். “இந்தப் பூச்சிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் அரசே!” என்று தீப்பந்தத்தோடு ஏறினார். பட்டு விதானம் எரிந்ததுதான் மிச்சம். காவலர் பதினொரு பேர் குளத்தில் குதித்தார்கள். பொழுது சாய்வதற்குள் தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

அப்போது அரசனுக்குக் கஞ்சி கொண்டுவந்த மடைப்பள்ளிக்காரி பேச்சாயி, தட்டை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“அரசே, இதற்குப் படை எதற்கு? அடுக்களையில் இருப்பதே போதும். ஒரு தேனீகூடச் சாகாமல் அனுப்பிவிடுவேன்.”

கோளரியார் கடகடவென்று சிரித்தார். “வாளுக்கு அஞ்சாததை இவள் கரண்டியைக் காட்டி மிரட்டப் போகிறாளாம்!”

“கரண்டி வேண்டாம் ஐயா. பூண்டும் கிராம்பும் போதும்.”

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நாளைப் பொழுது சாய்வதற்குள் செய்து காட்டு. செய்தால் கேட்டது தருவேன். தவறினால் இந்த நாட்டிலேயே நீ இருக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் பேச்சாயி.

முதல் வேலையாக மண்டபத்திலிருந்த பூமாலை, பழத்தட்டு, பானகக் குடம் எல்லாவற்றையும் வெளியேற்றினாள். “விருந்து வைத்துவிட்டு விருந்தாளியைப் போ என்றால் எப்படிப் போவான்?” என்று காவலர்களிடம் சொல்லிக்கொண்டே தரையைத் துடைத்தாள். பூண்டும் கிராம்பும் புதினாவும் சேர்த்து அரைத்து, புளித்த காடியில் கரைத்து, பானையில் மூடி வைத்தாள். ஊருக்கு வெளியே இலுப்பைத் தோப்பில், தேனீக்கள் குடியேற, உள்ளே தேன்மெழுகு பூசிய பெரிய பானை ஒன்றைக் கவிழ்த்துத் தொங்கவிட்டாள்.

மறுநாள் காலை மண்டபத்துக்குள் நுழைந்தவள் அண்ணாந்து பார்த்தாள். நேற்று வளைவில் மட்டும் இருந்த தேனீக்கள் இன்று தூண்களிலும் மொய்த்தன. ஒரு தூணைத் தொட்டு நாக்கில் வைத்தாள். வெல்லப்பாகு! இரவில் மண்டபத்துச் சாவி கோளரியாரிடம் மட்டுமே இருந்தது. ஆனால் தளபதி மேல் சமையல்காரி குற்றம் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒருவரிடமும் மூச்சு விடாமல் தேனீக்களை மெல்ல விலக்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரால் தூண்களைக் கழுவினாள். கழுவி முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு வழி தோன்றிவிட்டது.

மாலையில் சபை கூடியது. பேச்சாயி பானையைத் திறந்தாள். காரமான நெடி கிளம்பியது.

“அரசே, இதை வளைவில் தெளித்து, வேப்பிலைப் புகையும் போடப் போகிறேன். தேனீக்கள் நம் தலைக்கு மேலேதான் பறக்கும். ஆளுக்கு ஒரு சொட்டு கையில் தடவிக்கொண்டால் கிட்டவே வராது. ஆனால் ஒன்று. நேற்றிலிருந்து வெல்லப்பாகைத் தொட்ட கை இங்கே இருந்தால், ஒரு சொட்டு போதாது. எத்தனை முறை கழுவினாலும் தேனீ அந்த வாசனையைக் கண்டுபிடித்துவிடும்.”

எல்லாரும் ஒரு சொட்டு தடவிக்கொண்டார்கள். புகை எழுந்தது. ‘ங்ஙொய்ய்’ என்ற இரைச்சலோடு கூட்டம் முழுவதும் வளைவிலிருந்து கிளம்பி மண்டபத்தைச் சுற்றியது. அவ்வளவுதான்! கோளரியார் பாய்ந்து வந்து பானையைத் தூக்கித் தன் தலையில் அப்படியே கவிழ்த்துக்கொண்டார்.

தேனீக்கள் யாரையும் சீண்டவில்லை. சன்னல் வழியாக ஒரு கரும்புகை போல வெளியேறி, இலுப்பைத் தோப்பைப் பார்த்துப் பறந்தன.

மீசையிலிருந்து பூண்டுச்சாறு சொட்ட நின்ற தளபதியை அரசன் மேலும் கீழும் பார்த்தான். “கோளரியாரே, என்ன இது கோலம்?”

“ஒரு... ஒரு முன்னெச்சரிக்கை, அரசே.”

பேச்சாயி பணிவாகக் கேட்டாள். “பாகை எங்கே தொட்டீர்கள் ஐயா?”

“நானா? நான் தூணில் பாகு பூசவே இல்லை!”

“தூண் என்று நான் சொல்லவே இல்லையே, ஐயா!”

அரசனே முதலில் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தான். “ஒரு பெண் ஜெயிக்கக் கூடாது என்று என் மண்டபத்தையே தேன்கூடாக்கப் பார்த்தீரே! உமது வாளை இங்கே வைத்துவிட்டுப் போம்” என்றான். கோளரியார் வாளை வைத்துவிட்டு நடந்தார். அவர் போன வழியெல்லாம் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

“பேச்சாயி, உனக்கு என்ன வேண்டும்?”

“சபையில் ஓர் இருக்கை, அரசே. அடுக்களைக்குத் தெரிந்தது அரண்மனைக்குத் தெரியாமல் போகிறது.”

அரசன் அப்போதே கொடுத்தான்.

அவள் சபையில் அமர்ந்த முதல் நாள், அண்டை நாட்டுத் தூதன் ஒருவன் வந்து போர் போர் என்று முழங்கினான். அமைச்சர்கள் எதிர்த்து முழங்கினார்கள். அரசன் பேச்சாயியைப் பார்த்தான்.

“நீ என்ன சொல்கிறாய்?”

“இவர் காலையிலிருந்து வாசலில் காத்திருந்தவர், அரசே. சாப்பிட்டாரா என்று யாராவது கேட்டீர்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. இலை போட்டார்கள். தூதன் மூன்றாம் முறை சோறு வாங்கியபோது, எல்லைத் தகராறைப் பேசியே தீர்த்துக்கொள்ளலாம் என்று அவனே சொன்னான்.